கொழுக்கட்டைக்கு மேலே நிலா வரையாதீர்கள்

சீனர்களின் மூன்கேக்கையும் நம் கொழுக்கட்டையையும் ஒரே பக்கத்தில் வரையச் சொன்னால், சன்மானத்தைக் கேட்பதற்கு முன்னால் நிலா எங்கே வருகிறது என்று கேளுங்கள். 2024-இல் பிள்ளையார் சதுர்த்தி செப்டம்பர் 7, அவர்களுடைய நிலாத் திருவிழா செப்டம்பர் 17. இந்த நெருக்கம் போதாதா? எனக்கு வேலை கொடுத்த சிறுவர் இதழில் ஒருவருக்கு யோசனை உதித்துவிட்டது: இரண்டு தட்டுக்கும் பொதுவாக, மேலே ஒரு முழுநிலா.

சீனர்களுக்கு அது சரி. அவர்களுடைய எட்டாம் மாதப் பௌர்ணமியில் குடும்பமாக உட்கார்ந்து, நிலாவைப் பார்த்தபடி கேக்கைத் துண்டு போட்டுப் பகிர்ந்துகொள்வார்கள். உள்ளே வைக்கிற வாத்து முட்டை மஞ்சள் கருவே நிலாவாகத்தான் கணக்கு. இங்கே? சதுர்த்தி நிலாவைப் பார்த்தாலே வீண்பழி வரும் என்று எங்கள் கோபாலபுரத்தில் எந்தப் பாட்டியும் சொல்வார். தொந்திப் பிள்ளையாரைப் பார்த்துச் சிரித்து நிலா வாங்கிய சாபம். கண்ணனே அதைப் பார்த்துத்தான் சியமந்தக மணியைத் திருடியதாகப் பேர் வாங்கினான். போதாக்குறைக்கு, சதுர்த்தியன்று நிலா வெறும் கீற்று.

அத்தனையும் சொன்னேன். "குழந்தைகளுக்கு அதெல்லாம் தெரியாது சார், அழகா இருக்கும்" என்றார்கள். போட்டுக் கொடுத்தேன். அச்சுக்குப் போகிற நேரத்தில் அங்கேயே ஒரு பெரியவர் கண்ணில் பட்டது. நிலாவை மட்டும் எடுத்துவிடுங்கள் என்று போன். நீர்வண்ணத்தில் நிலா என்பது பூசாமல் விட்ட வெறும் தாள். பிறகு நீலம் பூசினால் திட்டு அப்பட்டமாகத் தெரியும். முழுப் பக்கமும் மறுபடி. காசு என்னவோ ஒரு தடவைக்குத்தான். இரண்டு பண்டத்தையும் தனித்தனித் தாளில் போடுங்கள், வானம் கேட்டால் மூன்றாவது தாள். சொன்னதை எழுத்தில் வாங்குங்கள்.

மூன்கேக் சுலபம். அச்சில் அழுத்தி எடுத்தது, மேலே எழுத்து மேடு, முட்டை தடவிச் சுட்ட பழுப்பு.

கொழுக்கட்டைதான் கழுத்தை அறுக்கும். வெந்த அரிசி மாவு வெள்ளையே இல்லை. சொப்பு மெல்லிசாக இருந்தால் வெல்லப் பூரணம் உள்ளிருந்து மங்கலாகத் தெரியும். அடியில் வாழையிலைப் பச்சை ஏறும். மினுமினுப்புக்குத் தாளை அப்படியே விடுங்கள். இணையத்தில் தேடினால் பாதி மகாராஷ்டிர மோதகம்தான் வரும், மடிப்பு மடிப்பாக, நுனியில் குங்குமப்பூவோடு. நம் வீட்டில் கையால் பிடித்தது முழுப்பூண்டு மாதிரி, கொஞ்சம் கோணலாகத்தான் இருக்கும். உளுந்துப் பூரணம் வைத்தது அரைவட்டம். அதையும் தட்டில் சேருங்கள்.

களிமண் பிள்ளையார், எருக்கம்பூ மாலை, காகிதக் குடையைப் பார்த்து வரையச் சதுர்த்திக்கு முந்தின நாள் சாயங்காலம் மயிலாப்பூர் மாட வீதிக்குப் போய்விடுங்கள். கொழுக்கட்டைக்கு மட்டும் அம்மாவிடம் முன்பே சொல்லி வையுங்கள். நைவேத்தியம் ஆகாமல் ஒன்றுகூடக் கைக்கு வராது. ஆனதும் சூடாக இரண்டை எடுத்து ஈரத்துணி போட்டு மூடுங்கள். ஆறிவிட்டால் மேல்தோல் வறண்டு வெடிக்கும், அப்புறம் மினுமினுப்பைக் கற்பனையில்தான் போட வேண்டும்.