காலையில் மட்டும் இடிக்குதா ஆட்டோமேட்டிக் கார்? ஓவர்ஹாலுக்குச் சரி சொல்லும் முன் பார்க்க வேண்டியவை

குன்னூரில் தேயிலை வியாபாரம் செய்யும் என் கிளையன்ட் ஒருவர் டிசம்பரில் வாட்ஸ்அப்பில் ஒரு எஸ்டிமேட் அனுப்பினார். 2017 மாடல் பெட்ரோல் செடான், 6 ஸ்பீடு ஆட்டோமேட்டிக், 91,000 கிலோமீட்டர் ஓடியது. கியர்பாக்ஸ் ஓவர்ஹால் 1,38,000 ரூபாய், அதற்கு 18% ஜிஎஸ்டி 24,840, மொத்தம் 1,62,840. "இந்த ஜிஎஸ்டிக்கு கிரெடிட் எடுக்கலாமா சார்?" இதுதான் அவர் கேள்வி.

அதுக்குப் பதில் ஒரே வரிதான். டிரைவரையும் சேர்த்து 13 பேர் வரை உட்காரும் பயணிகள் வண்டிக்குச் செய்யும் ரிப்பேருக்கு இன்புட் கிரெடிட் கிடையாது. டாக்ஸி, டிரைவிங் ஸ்கூல், கார் விற்பனை மாதிரி தொழில்களுக்கு மட்டும் விலக்கு. ஆனா எனக்கு உறுத்தினது வேற. வண்டியோட இன்றைய மதிப்பு 5.5 லட்சம் இருக்கும். அதில் கிட்டத்தட்ட 30% ஒரே ரிப்பேருக்குப் போகுது. கோளாறு என்னன்னு கேட்டேன். "காலையில எடுத்ததும் முதல் பத்து நிமிஷம் கியர் மாறும்போது இடிக்குது. அப்புறம் சரியாயிடுது." ஒர்க்‌ஷாப்பில் எப்படிப் பார்த்தாங்கன்னு கேட்டால், இவர் முக்கால் மணி நேரம் ஓட்டிக்கிட்டுப் போய் விட்டிருக்கார். வண்டி நல்லா சூடாகியிருக்கும். அதாவது அந்தக் கோளாறை யாருமே கண்ணால் பார்க்கவில்லை.

குளிர்ந்த நிலையில் வரும் கோளாறை, வண்டி குளிர்ந்திருக்கும்போதுதான் கண்டுபிடிக்க முடியும். முந்தின நாள் சாயங்காலமே வண்டியை விட்டுட்டு, "காலையில் முதல் ஸ்டார்ட்டை நான் வந்த பிறகு பண்ணுங்க, ஸ்கேனர் மாட்டிப் பாருங்க" என்று ஜாப் கார்டில் எழுத வைக்கணும். சென்னையில் இருக்கிறவங்க "நமக்கேது குளிர்" என்று நினைக்க வேண்டாம். கியர்பாக்ஸ் ஆயில் நல்லா வேலை செய்வது ஏறக்குறைய 80, 90 டிகிரியில். ராத்திரி முழுக்க நின்ற வண்டியில் அது 28 டிகிரியில் இருந்தாலும் அந்தப் பெட்டிக்குக் குளிர்தான். ஆயில் கெட்டியாக இருக்கும், பிரஷர் ஏறுவதும் கிளட்ச் பிடிப்பதும் கொஞ்சம் மாறும்.

உங்க வண்டி எந்த வகை என்று முதலில் தெரிஞ்சுக்கோங்க. ஏஎம்டி என்பது சாதாரண மேனுவல் கியர்பாக்ஸ். கிளட்சை நமக்குப் பதிலா ஒரு மெஷின் மிதிக்குது. அதில் லேசான உலுக்கல் நாள் பூராவும் இருக்கும், அது அதன் குணம். சிவிடி, டூயல் கிளட்ச் இரண்டுக்கும் கதை வேறு. நான் கீழே சொல்வது டார்க் கன்வர்ட்டர் வகைக்கு.

ஒர்க்‌ஷாப் போகும் முன் ஒரு வாரம் குறிப்பு எடுங்க. எத்தனை மணி நேரம் நின்றது, கியர் போடும்போது ஆர்பிஎம் எவ்வளவு, எந்தக் கியரிலிருந்து எதற்கு மாறும்போது இடித்தது, எத்தனை நிமிஷத்தில் நின்றது. பக்கத்து சீட்டில் இருப்பவரை மீட்டரை போனில் வீடியோ எடுக்கச் சொன்னால் இன்னும் நல்லது.

ஸ்டார்ட் பண்ணின உடனே ரிவர்ஸோ டிரைவோ போட்டால் மட்டும் 'டொம்' என்று இடிக்குதா? குளிர்ந்த இன்ஜின் 1,200 ஆர்பிஎம்முக்கு மேலேகூட ஐடிலில் ஓடும். அது இறங்கும் வரை பிரேக்கை மிதித்துக் காத்திருந்து அப்புறம் கியர் போட்டுப் பாருங்க. இடி போயிடுச்சுன்னா செலவே இல்லை. சூடான பிறகும் இடித்தால் இன்ஜின் மவுன்ட்டிங்கைப் பார்க்கச் சொல்லுங்க. டிரைவ் போட்டு இரண்டு மூன்று விநாடி கழித்துதான் வண்டி பிடிக்குதுன்னா, ஆயில் அளவு குறைந்திருக்கலாம், அல்லது உள்ளே சீல்கள் இறுகி ராத்திரியில் பிரஷர் வடிந்திருக்கலாம். முதல் சில நிமிஷம் கியர் கொஞ்சம் தாமதமா மாறுவது பல வண்டிகளில் வேண்டுமென்றே வைத்தது, இன்ஜினைச் சீக்கிரம் சூடாக்க. ஆனா கியர் மாறும்போது ஆர்பிஎம் மட்டும் சர்ரென்று ஏறி வேகம் ஏறலைன்னா, அது கிளட்ச் வழுக்குவது. அப்போ தள்ளிப்போடாதீங்க; ஓட்ட ஓட்டச் செலவு கூடும்.

அடுத்து, காசு குறைவான சோதனையிலிருந்து ஆரம்பிக்கணும். பேட்டரி எவ்வளவு பழசு? வோல்டேஜ் குறைந்தால் கியர்பாக்ஸ் கம்ப்யூட்டர் குழம்பும். சமீபத்தில் பேட்டரி கழற்றி மாட்டியிருந்தால், கம்ப்யூட்டர் பழகி வைத்திருந்த அளவுகள் அழிந்துபோய் சில வண்டிகளில் கொஞ்ச நாள் இடிக்கும். பிறகு ஸ்கேனர். எனக்கு மிகவும் பிடித்த சோதனை இது. ராத்திரி முழுக்க நின்ற வண்டியில் ஸ்டார்ட் பண்ணும் முன் இக்னிஷன் மட்டும் போட்டு, கூலன்ட், உள்ளே வரும் காற்று, கியர்பாக்ஸ் ஆயில் மூன்றின் டெம்பரேச்சரையும் படிக்கச் சொல்லுங்க. மூன்றும் சில டிகிரி வித்தியாசத்துக்குள் இருக்கணும். மற்ற இரண்டும் 12 என்று காட்டும்போது ஆயில் மட்டும் 60 காட்டினால், சென்சார் பொய் சொல்லுது. அதை நம்பி கம்ப்யூட்டர் தப்பான பிரஷர் கொடுக்குது. சென்சார் அல்லது ஒயரிங் வேலையோடு முடியும்.

அப்புறம் ஆயில். "லைஃப்டைம் ஆயில், மாற்ற வேண்டாம்" என்று பல பேருக்குச் சொல்லியிருப்பாங்க. கியர்பாக்ஸ் தயாரிக்கும் இசட்எஃப் நிறுவனமே தன் பெட்டிகளுக்கு 80,000 முதல் 1,20,000 கிலோமீட்டருக்குள் மாற்றச் சொல்லுது. பல புதிய பெட்டிகளில் டிப்ஸ்டிக் கிடையாது. ஆயில் குறிப்பிட்ட டெம்பரேச்சரில் இருக்கும்போது, இன்ஜின் ஓட, பிளக்கைத் திறந்துதான் அளவு பார்க்கணும். கருகின வாடையோ, அடியில் மின்னும் உலோகத் துகள்களோ இருந்தால் கிளட்ச் போயிருக்கலாம், ஆயில் மாற்றிப் பிரயோஜனம் குறைவு. காந்தத்தில் மெல்லிய சாம்பல் நிறப் பசை மட்டும் இருந்தால் அது வழக்கமான தேய்மானம்.

குன்னூர் வண்டியில் கோடு எதுவும் வரலை, சென்சாரும் சரி. ஆக்சில் சீல் கசிந்து ஆயில் குறைந்திருந்தது, நிறம் அடர் பழுப்பு, கருகல் வாடை இல்லை. சீல் மாற்றி, கம்பெனி சொன்ன கிரேடு ஆயிலை இரண்டு தடவை வடித்து ஊற்றினாங்க. ஒரு தடவை வடித்தால் ஏறக்குறைய பாதிதான் வெளியே வரும். பில் 17,400.

அதை ஏன் செய்யச் சொன்னேன் என்றால் கணக்கு எளிது. 17,400 என்பது 1,62,840-ல் 10.7%. பத்தில் ஒன்றுக்குச் சற்று மேல் வாய்ப்பிருந்தாலே இதை முதலில் செய்து பார்ப்பது லாபம். இப்போ இடி பெருமளவு போயிடுச்சு; கடும் குளிர் நாளில் ஒன்றிலிருந்து இரண்டுக்கு மாறும்போது மட்டும் லேசாகத் தெரியுதாம். வால்வு பாடி வேலை பின்னாடி வரலாம் என்பதால், மாதம் 3,000 தனியா ஆர்டியில் போடச் சொல்லியிருக்கேன்.

இன்சூரன்ஸ் கொடுக்குமா? சாதாரண பாலிசியில் தேய்மானமும் மெக்கானிக்கல் கோளாறும் வராது. எக்ஸ்டெண்டட் வாரன்ட்டி இருந்தால், அது முடியும் முன்னாடியே புகாரைத் தேதியோடு ஜாப் கார்டில் ஏற்றிடுங்க. வாயால சொன்னது எதுவும் நிற்காது.

பழைய ஆட்டோமேட்டிக் வாங்கப் போறவங்களுக்கு இதெல்லாம் இன்னும் முக்கியம். காலை 6 மணிக்கு வர்றேன், வண்டியை ஸ்டார்ட் பண்ணாதீங்க என்று சொல்லிட்டுப் போங்க. போனதும் பானெட் மேல் கையை வைங்க. சூடா இருந்தால் "வேற நாள் வர்றேன்" என்று திரும்பிடுங்க. குளிர்ந்திருந்தால் நீங்களே சாவியைப் போட்டு, ஐடில் இறங்கினதும் ரிவர்ஸ், டிரைவ் இரண்டும் போட்டு, முதல் 2 கிலோமீட்டர் ரேடியோ, ஏசி அணைத்து ஓட்டுங்க. இடித்தால், அதே பெட்டிக்கு ஓவர்ஹால் எவ்வளவு என்று வெளியில் ஒரு எஸ்டிமேட் எழுத்தில் வாங்கி, அதை முன்னால் வைத்து விலை பேசுங்க.