கேள்வி-பதில்: ஆட்டோ காடியில் கியர் மாற்றுவது யார்?

கேள்வி: பல வருஷங்களாக நான்கு கியர் ஆட்டோ காடி ஒன்றை ஓட்டி வருகிறேன். பாச்சாங்கிலிருந்து நகரத்துக்குள் போய்வரும்போது ஒரு குறையும் தெரிவதில்லை. தம்பின் வழியாகக் கோலப்பிலா சென்று, அங்கிருந்து சிரம்பானுக்குப் புக்கிட் புத்துஸ் மேட்டில் ஏறும்போது மட்டும், மூன்றாவது கியருக்கும் நான்காவதற்குமாக மாறி மாறித் தத்தளிக்கிறது. போதாக்குறைக்கு, சென்ற மாதம் பேட்டரி மாற்றியது முதல், ஒன்றிலிருந்து இரண்டாவதற்குப் போகும்போது ஓர் உதை உதைக்கிறது. “கியர் கம்ப்யூட்டர் போய்விட்டது, மாற்றித்தான் ஆகவேண்டும்” என்கிறார் போமன். செலவு பெரிதாயிற்றே என்று யோசிக்கிறேன். ஐயா அவர்கள் விளக்க வேண்டும்.
வாசகர் ஒருவர், பாச்சாங், மலாக்கா

பதில்: அன்பரே, மேட்டில் தத்தளிப்பதும் பேட்டரி மாற்றிய பின் உதைப்பதும் ஒரே வியாதியின் இரண்டு குறிகள் என்று உங்கள் போமன் கருதியிருக்கக் கூடும், என் அபிப்பிராயத்தில் இவ்விரண்டுக்கும் காரணங்கள் வெவ்வேறு, அவற்றுள் முதலாவது கோளாறே அன்று. இதை நீங்கள் நம்ப வேண்டுமானால், கியரை மாற்றும் அதிகாரம் காடிக்குள் யாரிடம் இருக்கிறது, எந்தெந்தச் சமாசாரங்களைக் கேட்டு அது தீர்மானத்துக்கு வருகிறது என்பதைச் சற்று விஸ்தாரமாகவே சொல்லியாக வேண்டும்.

அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனியார் தங்களுடைய 1940-ஆம் வருஷத்து ஓல்ட்ஸ்மொபைல் கார்களுக்கென்று ஹைட்ரா-மாட்டிக் என்னும் நான்கு கியர்ப் பெட்டியை வெளியிட்ட காலந்தொட்டு, ஏறக்குறைய நாற்பது ஆண்டுகள் வரையில், எப்போது எந்தக் கியர் என்ற நிர்ணயத்தைப் பெரும்பாலும் எண்ணெயே செய்து வந்தது. காடியின் வேகம் ஏற ஏற, சுழலும் எடைகள் விரிந்து ஓர் எண்ணெய் அழுத்தத்தை உயர்த்தும். ஆக்சிலரேட்டரை மிதிக்க மிதிக்க, ஒரு கேபிளின் வழியாக இன்னோர் அழுத்தம் உயரும். ஒரே வால்வின் இரு முனைகளிலும் நின்றுகொண்டு இவ்விரண்டும் கயிறிழுப்புப் போட்டி நடத்த, வேகத்தின் கட்சி ஜயித்தால் மேல் கியரும் மிதியின் கட்சி ஜயித்தால் கீழ்க் கியரும் வந்து விழும். யோசித்துப் பார்த்தால் மகா சாமர்த்தியமான ஏற்பாடுதான். ஆயினும், எண்ணெய் குளிர்ந்திருக்கிறதா கொதிக்கிறதா, எஞ்சின் புதிதா கிழடா என்பதொன்றும் அதற்குத் தெரியாது, ஒரு முறை அமைத்த ஸ்பிரிங் அமைத்தபடியே நிற்கும்.

1969-இல் பிரான்ஸ் தேசத்து ரெனோ 16 டிஏ காரில் இந்த நிர்ணயம் மின்னணுச் சாதனத்தின் கைக்கு வந்தது; 1980-களில் டொயோட்டா முதலான ஜப்பானியக் கம்பெனிகள் சிறு கம்ப்யூட்டர் ஒன்றை அந்த ஸ்தானத்தில் அமர்த்தி, அதைச் சர்வ சாதாரணமாக்கிவிட்டன. 1985-இல் முதல் புரோட்டோன் சாகாவையும் 1994-இல் முதல் பெரோடுவா கஞ்சிலையும் கண்ட நம் நாட்டுச் சாலைகளில் இன்று ஓடும் ஆட்டோ காடிகளில் மிகப் பெரும்பாலானவை இந்த வம்சத்தைச் சேர்ந்தவைதாம்.

இந்தக் கம்ப்யூட்டருக்குக் கண் கிடையாது. சென்சார்கள் கொண்டுவந்து கொடுக்கும் எண்கள்தாம் அதன் உலகம். மிதி எவ்வளவு அமுங்கியிருக்கிறது, சக்கரத்துக்குச் செல்லும் தண்டு எத்தனை சுற்றுச் சுற்றுகிறது, எஞ்சினிலிருந்து பெட்டிக்குள் நுழையும் தண்டு எத்தனை சுற்று, எண்ணெயின் உஷ்ணம் என்ன, கியர்க் கோல் எந்த எழுத்தில் நிற்கிறது, பிரேக் மிதிபட்டிருக்கிறதா என்னும் இவற்றை விநாடிக்குப் பல தடவை வாசித்து, தொழிற்சாலையிலேயே அதன் ஞாபகத்தில் பதித்துவைத்த ஓர் அட்டவணையோடு ஒப்பிட்டுப் பார்க்கிறது. இத்தனை மிதிக்கு இத்தனை வேகம் வந்தால் மேலே போ, இத்தனைக்கு இறங்கினால் கீழே வா என்று கோடு கிழித்த அட்டவணை அது. மேலே போகும் கோடும் கீழே வரும் கோடும் ஒன்றாக இராமல், இடையில் சிறிது இடைவெளி விட்டிருப்பார்கள். இல்லாவிட்டால் கோட்டின் மேலேயே நின்று காடி ஓயாமல் ஆடிக்கொண்டிருக்கும்.

புக்கிட் புத்துஸில் உங்களுக்கு நேர்வது இதுவே. நான்காவதில் ஏறும்போது எஞ்சின் திணறுகிறது, நீங்கள் மிதிக்கிறீர்கள், கீழ்க்கோட்டைத் தாண்டி மூன்றாவது விழுகிறது; மூன்றாவதில் வேகம் பிடித்ததும் இயல்பாகக் காலைத் தளர்த்துகிறீர்கள், உடனே மேல்கோடு தாண்டப்பட்டு நான்காவது வருகிறது; மீண்டும் திணறல். மேடு இன்னும் இரண்டு மைல் இருக்கிறது என்பது உங்களுக்குத் தெரியும், அதற்குத் தெரியாது. 1992-இல் மிட்சுபிஷி தன் கலான்ட் காரில் இன்வெக்ஸ் என்ற பெயரோடு புகுத்திய முறையில், இத்தனை மிதிக்கு இவ்வளவு வேகம் கூடியிருக்க வேண்டுமே, ஏன் கூடவில்லை என்று கணக்கிட்டு, இது மேடு என்று அனுமானித்துக்கொள்ளும் புத்தி கம்ப்யூட்டருக்கு ஊட்டப்பட்டது. பிந்தி வந்த பல காடிகளில் அந்தப் புத்தி உண்டு. அது இல்லாத காடியில் உபாயம் உங்கள் கையிலேயே இருக்கிறது. கியர்க் கோலில் ஓவர்டிரைவ் பித்தான் இருந்தால் மேட்டுக்கு முன்பே அதை நிறுத்திவிடுங்கள், நான்காவது கியர் தடைப்படும். சிரம்பான் பக்கம் இறங்கும்போதும் அப்படியே விடுங்கள், எஞ்சினே காடியைப் பிடித்து நிறுத்தி பிரேக்கின் பாரத்தைக் குறைக்கும். இதற்குச் செலவு ஒரு காசுமில்லை.

இனி அந்த உதை. தீர்மானம் கம்ப்யூட்டருடையது என்றாலும், கிளட்சை அழுத்தும் வேலை இன்றும் எண்ணெயினுடையதே. இரண்டுக்கும் நடுவே நிற்பவை சொலினாய்டு என்னும் மின்காந்த வால்வுகள். பழைய மிட்சுபிஷி நான்கு கியர்ப் பெட்டி ஒன்றைத் திறந்து பார்த்தால், விரல் பருமனில் இரண்டு சொலினாய்டுகள் கியர் மாற்றத்துக்கென்றே இருக்கக் காணலாம். இரண்டுக்கும் மின்சாரம் பாய்ந்தால் முதல் கியர். ஒன்றை மட்டும் அணைத்தால் இரண்டாவது. இரண்டையும் அணைத்தால் மூன்றாவது. அணைத்ததை ஏற்றி மற்றதை அணைத்தபடி வைத்தால் நான்காவது. இரண்டே சுவிட்சுகளின் நான்கு சேர்க்கையில் நான்கு கியர்களையும் அடக்கிவிட்ட இந்தச் சிக்கனத்தில் ஒரு சூக்ஷ்மமும் உண்டு: ஒயர் அறுந்தாலும் கம்ப்யூட்டர் கோளாறு கண்டு கைவிட்டாலும் மின்சாரம் நின்று, காடி மூன்றாவது கியரில் நிலைத்து, நடுச்சாலையில் உங்களை நிறுத்திவிடாமல் மெல்ல வீடு கொண்டுபோய்ச் சேர்க்கும். உங்கள் காடி நான்கு கியரும் மாறுகிறது என்றால், அந்த விபரீத ஸ்திதி இன்னும் வரவில்லை என்று பொருள்.

கியர் மாறும் அந்த அரை விநாடிக்குள் ஒரு கிளட்ச் விட்டு மற்றொன்று பிடிக்க வேண்டும். முந்திப் பிடித்தால் உதை. பிந்திப் பிடித்தால் எஞ்சின் வெறுமனே சீறும். அழுத்தத்துக்கென்று உள்ள இன்னொரு சொலினாய்டை விநாடிக்குப் பல தடவை திறந்து மூடி, எவ்வளவு நேரம் திறப்பு எவ்வளவு நேரம் மூடல் என்ற விகிதத்தை மாற்றுவதன் மூலம் கம்ப்யூட்டர் எண்ணெயைப் பதமாகச் செலுத்துகிறது. அதே க்ஷணத்தில் எஞ்சினின் தீப்பொறியைச் சற்றுப் பிந்தச் செய்து அதன் பலத்தையும் குறைக்கிறது. நுழையும் தண்டின் சுற்று எப்படி இறங்கிற்று என்று பார்த்து, கரடுமுரடாக இறங்கியிருந்தால் அடுத்த முறைக்கு ஒரு திருத்தத்தைக் குறித்தும் வைத்துக்கொள்கிறது. வருஷக் கணக்கில் கிளட்ச் தேய்ந்ததற்கு ஈடாக இப்படிச் சேர்த்துவைத்த திருத்தங்கள், பல காடிகளில், பேட்டரி கொடுக்கும் மின்சாரத்தைக் கொண்டே ஞாபகத்தில் நிற்பவை. பேட்டரியைக் கழற்றியதும் அவை அழிந்து, தேய்ந்த கிளட்சுக்குப் புதுக் கிளட்சின் கணக்கைப் போட ஆரம்பித்துவிடுகிறது கம்ப்யூட்டர். எண்ணெய் நன்கு சூடேறிய பின், மிதமான மிதியில், நின்று நின்று புறப்படும்படியாகச் சில நாட்கள் ஓட்டினால் அது மறுபடி கற்றுக்கொள்ளும். மாசி மகத்தன்று செங் சன்னாசிமலைக் கோயிலை நோக்கி வாகனங்கள் ஊர்வது போன்ற நெரிசல் இதற்கு உதவாது. எண்ணெய் அளவுக்கு மீறிச் சூடாகும்போது கம்ப்யூட்டர் வேறு கணக்குக்குப் போய்விடும்.

அதன் பிறகும் உதை நின்றபாடில்லை என்றால், எண்ணெயின் அளவையும் நிறத்தையும் பார்க்கச் சொல்லுங்கள். கருகிய வாடை அடித்தால் குற்றவாளி அங்கேயே அகப்பட்டுவிட்டான். அடுத்து ஸ்கேனரை மாட்டிக் கோளாறு எண்ணை வாசிக்க வேண்டும். மிதியின் அளவைச் சொல்லும் சென்சார் தேய்ந்து பொய் சொல்வதும், சொலினாய்டு ஒயரின் சொக்கெட்டில் துரு ஏறுவதும், கம்ப்யூட்டர் கெடுவதைக் காட்டிலும் அதிகமாக நடக்கிற காரியங்கள். நியாயமாகச் சொல்வதானால், 1990-களின் சில கம்ப்யூட்டர்களில் கபாசிட்டர்கள் ஒழுகிப் பலகையை அரிப்பதும் உண்டு. அப்போதுங்கூட, பலகை அதிகம் அரிக்கப்படாதிருந்தால், சில வெள்ளி பெறுமானமுள்ள அந்தச் சில்லறைச் சாமான்களை மாற்றியே பிழைக்கவைத்துவிடலாம். கோளாறு எண்ணைக் காட்டாமல் கம்ப்யூட்டரை மாற்றச் சொல்பவருக்குப் பணம் கொடுக்காதீர்கள்.

கேள்வி: சிவிடி காடியில் கியரே கிடையாதாமே? அப்படியானால் அங்கே கம்ப்யூட்டருக்கு என்ன வேலை?
வாசகி ஒருவர், ஜாசின்

பதில்: வேலை கூடுதல் என்றுதான் சொல்வேன் அம்மா. அங்கே அகலம் மாறக்கூடிய இரண்டு புல்லிகளுக்கு நடுவே ஓர் இரும்பு பெல்ட் ஓடுகிறது; புல்லிகளின் எண்ணெய் அழுத்தத்தை இடைவிடாமல் மாற்றி, பெல்ட் வழுக்காமலும் அளவுக்கு மீறி இறுகாமலும் காப்பது முழுக்க முழுக்கக் கம்ப்யூட்டரின் பொறுப்பு. நம் நாட்டில் இரண்டு கட்சிகளும் நடமாடுகின்றன: 2011 முதல் சிவிடி போட்டுவந்த புரோட்டோன் சாகா 2019-இல் நான்கு கியர்ப் பெட்டிக்குத் திரும்பிற்று, நான்கு கியரோடு 2005-இல் பிறந்த பெரோடுவா மைவியோ 2021-இல் சிவிடிக்கு மாறிற்று. எது மேல் என்ற வாதத்தில் நான் இறங்கவில்லை. ஒன்று மட்டும் ஞாபகம் வையுங்கள்: சிவிடிக்கு அதற்கென்று குறித்த எண்ணெயைத்தான் ஊற்ற வேண்டும், சாதாரண ஆட்டோ கியர் எண்ணெயை ஊற்றினால் பெல்ட் வழுக்கிப் பெட்டி பாழாகும்.