நாய்க்குட்டி வாங்கப் போறீங்களா? ஒரு நிமிஷம்!

சித்திரை மாசத்து மத்தியானத்தில் கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டில் நின்றிருக்கிறீர்களா? செருப்பையும் தாண்டிச் சுடும்! அந்த ஊரில், தகிக்கிற மொட்டை மாடியில், பனியில் வண்டி இழுக்கப் பிறந்த சைபீரிய ஹஸ்கியைக் கட்டிப் போட்டால் அதன் கதி என்ன?

"டி.வி.யில பார்த்தேன்ப்பா, நீலக் கண்ணு, அழகா இருக்கு"ன்னு பிள்ளை கேட்கும். அப்பாவும் கடன் வாங்கியாவது வாங்கித் தருவார். ஆறே மாசத்தில், "இதைக் கட்டி மேய்க்க முடியலை, யாராவது எடுத்துக்கங்க" என்பார் அம்மா. நாய் வளர்ப்பில் நடக்கிற தப்பு பெரும்பாலும் இதுதான். நாயைப் பார்க்கிறோம், நம்ம வீட்டைப் பார்க்க மறந்துவிடுகிறோம்.

முதலில் வீட்டைப் பாருங்கள்

நாய் பத்துப் பன்னிரண்டு வருஷம் கூடவே இருக்கும். அதனால் குடும்பத்தோடு உட்கார்ந்து இந்த அஞ்சு கேள்விக்குப் பதில் தேடுங்கள்.

1. பகலில் வீட்டில் யார் இருப்பார்கள்? இருவரும் வேலைக்குப் போகிற வீட்டில் ரெண்டு மாசக் குட்டி தனியாக அழுதுகொண்டிருக்கும்.

2. ஓடியாட இடம் உண்டா? வாசலும் கொல்லையும் உள்ள வீடா, மாடியில் வாடகை போர்ஷனா?

3. காலையிலும் சாயங்காலமும் நடத்திக் கூட்டிப் போவது யார்? "நான் போறேன்"னு சொல்கிற பிள்ளை பரீட்சை சமயத்திலும் போகுமா?

4. கைக்குழந்தை, தடுமாறி நடக்கிற பெரியவர், ஆஸ்துமாக்காரர் யாராவது உண்டா?

5. சாப்பாடு, ஊசி, மருந்து என்று மாசாமாசம் ஆகும் செலவு கட்டுபடியாகுமா?

வெயில் தாங்குமா?

நம்மைப் போல நாய்க்கு உடம்பெல்லாம் வியர்க்காது. நாக்கைத் தொங்கவிட்டு மூச்சிரைத்துத்தான் அது சூட்டைத் தணிக்கிறது. ஹஸ்கி, செயின்ட் பெர்னார்ட் போன்றவற்றுக்கு உடம்பில் கம்பளிப் போர்வை மாதிரி அடர்ந்த முடி. பக் மாதிரிச் சப்பை மூக்கு நாய்களுக்கோ மூச்சு விடுவதே சிரமம். வெயிலில் இவை சுருண்டு விழுந்து உயிரை விடவும் கூடும்.

லாப்ரடார் குழந்தைகளோடு சாதாரணமாக நன்றாகப் பழகும். ஆனால் சாப்பாட்டு ராமன்! நடத்தாமல் போட்டுக்கொண்டே இருந்தால் குண்டாகி, மூட்டுவலியில் மாட்டிக்கொள்ளும். 'பொமரேனியன்' என்று நம்ம ஊரில் விற்கப்படுவது பெரும்பாலும் இந்தியன் ஸ்பிட்ஸ். சின்ன வீட்டுக்கு ஒத்துவரும். குரைப்பதைப் பக்கத்து போர்ஷன்காரர் பொறுத்துக்கொள்வாரா என்று மட்டும் பாருங்கள்.

நம்ம மண்ணின் நாய்கள்

ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை ஆகிய நாலும் தமிழ்நாட்டு வெயிலுக்குப் பழகியவை. 2005-ல் வெளியான இந்திய அஞ்சல் தலையில் ராஜபாளையம் இடம்பெற்றது. ராஜபாளையம், சிப்பிப்பாறை இரண்டும் 2020-ல் தேசிய அளவில் தனி இனங்களாகப் பதிவாயின.

'நாட்டு நாய்தானே, எப்படியும் வளர்ந்துடும்' என்று நினைக்காதீர்கள். ராஜபாளையம் நல்ல காவல்காரன். ஆனால் ஒருவரையே எஜமானாக ஏற்கும். புது ஆளைச் சேர்க்காது. வெள்ளை நிறத்தோடு சில குட்டிகளுக்குப் பிறவியிலேயே காது கேட்காமல் போவதும் உண்டு. சிப்பிப்பாறையும் கன்னியும் முயல் விரட்டப் பிறந்தவை. கன்னி கொஞ்சம் கூச்சம் அதிகம். தேனி மாவட்டத்துக் கோம்பை கட்டுமஸ்தான முரடன். அனுபவம் உள்ளவர் கைக்குத்தான் அடங்கும். இவற்றைச் சங்கிலியில் கட்டியே வைத்தால் குணம் கெட்டுவிடும்.

யாருக்கு எது?

கச்சிராயபாளையம் பக்கம் கரும்புத் தோட்டத்தில் வீடா? வேலி போட்ட இடமும் பழக்குவதற்கு ஆளும் இருந்தால் ராஜபாளையமோ சிப்பிப்பாறையோ வளர்க்கலாம்.

கள்ளக்குறிச்சி டவுனில் சின்ன வீடு, ஸ்கூல் போகும் பிள்ளைகள் என்றால் ஸ்பிட்ஸ் போதும். அல்லது சாதுவான தெருக்குட்டி ஒன்றை எடுத்து வளருங்கள். அதற்கு விலையும் இல்லை. நம்ம வெயிலும் அதற்குப் புதிதல்ல.

கல்வராயன் மலையில் வெள்ளிமலைப் பக்கம் இருப்பவர்களுக்கு? "மேலே குளிருதே, ஹஸ்கி வளர்க்கலாமே" என்று கேட்காதீர்கள். ராத்திரிதான் குளிர், பகலில் வெயில் வெயில்தான்! ஆட்டுக்கும் காட்டுக்கும் காவலிருக்க அங்கே சாதாரண நாட்டு நாயே பொருத்தம். மலையில் நாயின் இனத்தைவிட முக்கியமான கேள்வி, ஊசி போட கால்நடை டாக்டர் எவ்வளவு தூரத்தில் இருக்கிறார் என்பது. காட்டோரம் திரியும் நாய்க்கு நரி, கீரியிடமிருந்தும் வெறிநோய் தொற்றலாம். அதனால் மலை நாய்க்கு ஊசி கண்டிப்பாக வேண்டும்.

ஆஸ்துமா வீட்டில்?

'முடி கம்மியான நாய் வாங்கினா அலர்ஜி வராது' என்பது தப்பு. அலர்ஜி தருவது முடி மட்டுமல்ல. நாயின் எச்சிலும் தோல் செதிலும்தான். வாங்கும் முன் நாய் உள்ள வீட்டுக்கு நாலைந்து தடவை போய்ப் பாருங்கள். இழுப்பு வந்தால் ஆசையை விட்டுவிடுங்கள். கைக்குழந்தையை எந்த நாயோடும் தனியே விடாதீர்கள், அது எவ்வளவு சாதுவாக இருந்தாலும் சரி.

குட்டி வாங்கும்போது

எட்டு வாரம் ஆகாத குட்டியைத் தாயிடமிருந்து பிரிக்காதீர்கள். தாய் நாயை நேரில் பாருங்கள். அது சிடுசிடுவென்று இருந்தால் யோசியுங்கள். குட்டியின் பின்னால் நின்று கை தட்டுங்கள், திரும்பிப் பார்க்கிறதா? கண், மூக்கு சுத்தமா? காதுக்குள் உண்ணி உண்டா?

ஆறு முதல் எட்டு வாரத்தில் பார்வோ, டிஸ்டெம்பர் நோய்களுக்கு முதல் ஊசி ஆரம்பம். மூன்றாம் மாசம் வெறிநோய்த் தடுப்பூசி. அப்புறம் டாக்டர் சொல்கிறபடி பூஸ்டர். பூச்சி மருந்தும் தவறக்கூடாது. நாயின் வயிற்றுப் பூச்சி குழந்தைகளுக்கும் வரும். நாயைத் தொட்டால் சோப்புப் போட்டுக் கை கழுவப் பழக்குங்கள்.

கடித்துவிட்டால்?

"நம்ம நாய்தானே, லேசான கீறல்தானே" என்று விடாதீர்கள்! வெறிநோய் அறிகுறி தென்பட்ட பிறகு காப்பாற்றுவது அநேகமாக நடக்காத காரியம். ஆனால் முன்கூட்டியே முழுசாகத் தடுக்கலாம்.

உடனே ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிஷம் காயத்தைக் கழுவுங்கள். மிளகாய்ப் பொடி, சுண்ணாம்பு, காபித்தூள் எதுவும் வேண்டாம். மந்திரிக்கப் போய் நேரத்தைக் கடத்த வேண்டாம். நேரே அரசு மருத்துவமனைக்கோ ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ போங்கள்; அங்கே ஊசி இலவசம். தோலுக்குள் போடும் முறையில் முதல் ஊசி அன்றே போடுவார்கள். அடுத்தவை 3, 7, 28-ம் நாட்களில். "புண் ஆறிடுச்சே" என்று நடுவில் நிறுத்தாதீர்கள். ரத்தம் வந்த கடி என்றால் காயத்தைச் சுற்றிப் போடும் இம்யூனோகுளோபுலின் மருந்தும் வேண்டும். டாக்டரிடம் கேளுங்கள்.

பிள்ளை ஆசைப்படுவதில் தப்பே இல்லை. நாயோடு வளர்கிற குழந்தை பொறுப்பையும் பிரியத்தையும் கற்றுக்கொள்ளும். ஆனால் அந்த வாயில்லா ஜீவனுக்கு உங்கள் வீட்டைத் தேர்ந்தெடுக்கிற வசதி கிடையாது. அதற்கும் சேர்த்து நீங்கள்தான் யோசிக்க வேண்டும்!