தண்ணீர் பட்டால் எரியும் விளக்கு: வாங்கினால் போதாது!

இரவில் கடலில் விழுந்தவரின் தலை மட்டுமே வெளியே தெரியும். அலைகளுக்கு நடுவே அதைத் தேடிக் கண்டுபிடிப்பது படகில் இருப்பவர்களுக்குப் பெரும்பாடு. லைஃப் ஜாக்கெட்டின் சின்ன விளக்கு அதற்காகத்தான்.

அதன் இரண்டு உலோக முனைகளுக்கிடையே கடல்நீர் புகுந்ததும் மின்சுற்று இணைந்து தானே எரியும். சர்வதேசக் கப்பல் விதிப்படி, வெள்ளை ஒளியில் குறைந்தது 8 மணி நேரம் எரிய வேண்டும். விழுந்தவருக்கு வீசும் மிதவை வளையமான லைஃப்பாயின் விளக்குக்கு 2 மணி நேரம். ஆனால் வெளிச்சம் அதிகம்.

விளக்கு தோள்பட்டை உயரத்தில், வெளியே தெரியும்படி இருக்கட்டும். வார்ப்பட்டைக்கு அடியில் மாட்டினால் எரிந்தும் பயனில்லை.

ஜாக்கெட்டைக் கழுவும்போது விளக்கைக் கழற்றிவிடுங்கள். ஈரமான அறையில் குவித்து வைத்தால் ஆளில்லாமலே எரிந்து தீர்ந்துவிடும். 'சோதித்துப் பார்க்கிறேன்' என்று வாளியில் முக்கவும் வேண்டாம். சில வகை பேட்டரிகள் ஒருமுறை நனைந்தாலே செலவழிந்துவிடும். சோதிக்கும் முறை உறையிலேயே அச்சிட்டிருக்கும்.

லைஃப்பாய் விளக்குகளில் பல, தாங்கியில் தலைகீழாகத் தொங்கும். நீரில் விழுந்து நிமிர்ந்ததும் எரியும். யாரோ 'அழகாக' நிமிர்த்தி வைத்தால் பேட்டரி காலி! விளக்கை வளையத்தோடு கட்டும் கயிறு இற்றுப்போயிருக்கிறதா என்றும் பாருங்கள். அறுந்தால் விளக்கு ஒரு பக்கம், வளையம் ஒரு பக்கம்.

காலாவதித் தேதி விளக்கின் மேலேயே இருக்கும். தேதி கடந்ததை, எரிகிறதே என்று வைத்திருக்காமல் உடனே மாற்றிவிடுங்கள்.