காபி கசந்தது யாரால்?



பௌர்ணமிக்குக் கிரிவலப் பாதையில், அடி அண்ணாமலை பக்கம் எங்கம்மா காபி விக்கிறாங்க. போன பௌர்ணமி, ராத்திரி ரெண்டு மணி இருக்கும். ஒருத்தர் ஒரு வாய் குடிச்சுட்டு, "என்னம்மா இப்படிக் கசக்குது?" என்று மீதியைக் கீழே ஊற்றிவிட்டு, காசு கொடுக்காமலே போய்விட்டார். அம்மா ஒண்ணும் பேசல. பக்கத்துக் கடை அத்தைதான், "தளதளன்னு கொதிக்கிற தண்ணியில போட்டா தூள் தீஞ்சிடும்டி" என்றார். உண்மையா என்று பார்க்க, அறிவியல் டீச்சரிடம் கேட்டு வெப்பமானி வாங்கிப் போனேன்.

மூன்று டம்ளர். ஒவ்வொன்றிலும் தலைதட்டி ஒரு ஸ்பூன் இன்ஸ்டன்ட் காபித்தூள், 100 மில்லி தண்ணீர். பால், சர்க்கரை கிடையாது. முதல் டம்ளருக்குக் கொதிநீர், அடுத்ததுக்கு 80 டிகிரி, மூன்றாவதுக்கு 60 டிகிரி. (நம்ம ஊரில் தண்ணீர் 100-க்குக் கொஞ்சம் கீழேயே கொதிக்கும். 2,668 அடி உயர அண்ணாமலை உச்சியில் என்றால் சுமார் 97 டிகிரியே போதும்.)

உடனே குடித்தேன். கொதிநீர்க் காபியில் நாக்கு சுட்டதுதான் மிச்சம், ருசியே தெரியல. 60-இல் கசப்பு நல்லாத் தெரிஞ்சுது. அப்போ கொதிநீர்தான் நல்லதுன்னு நோட்டில் எழுதிக்கொண்டு போனேன். டீச்சர் படித்துவிட்டு, "நீ பார்த்தது தூளோட ருசியா, உன் நாக்கோட ருசியா?" என்று கேட்டார். எனக்கு வெட்கமாப் போச்சு.

சூட்டுக்குத் தகுந்தபடி நாக்கு மாறுமாம். 15 டிகிரியிலிருந்து 35 டிகிரிக்குப் போகும்போது நாக்குக்கு இனிப்பு கூடுதலாகத் தெரிவது ஏன் என்று 2005-இல் பெல்ஜியம் ஆய்வாளர்கள் கண்டுபிடித்திருக்கிறார்கள். ரொம்பச் சூடு ஆபத்தும்கூட. 65 டிகிரிக்கு மேல் குடிப்பது உணவுக்குழாய்ப் புற்றுநோய்க்குக் காரணமாகலாம் என்று 2016-இல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை சொன்னது.

மறுபடியும் கலக்கினேன். இந்தத் தடவை மூன்றையும் 50 டிகிரிக்கு ஆறவிட்டு, பாட்டி, அம்மா, தம்பி கண்ணைக் கட்டிக் கொடுத்தேன். எது எதுன்னு யாராலும் சரியாச் சொல்ல முடியல. தம்பி மூன்றுமே கஷாயம் என்றான்.

காரணம் இதுதான். ஃபில்டர் காபியில் கொட்டையின் சாரத்தைத் தண்ணீர்தான் இழுக்க வேண்டும், அதனால் அங்கே சூடு முக்கியம். இன்ஸ்டன்ட் தூளில் தொழிற்சாலையிலேயே சாரத்தை இறக்கி உலர்த்திவிடுகிறார்கள். நாம் அதை மறுபடி கரைக்கிறோம், அவ்வளவுதான். பெரும்பாலான தூள்கள் கொதிநீரைவிடச் சூடான காற்றில் உலர்த்தப்பட்டவை. அது நம்ம கெட்டில் தண்ணியில தீயுமா? பானைத் தண்ணீரிலும் போட்டுப் பார்த்தேன். கட்டி கட்டியா மிதந்தது, வாசனையும் எழும்பல. அந்த அளவுக்குத்தான் சூடு வேணும்.

அப்போ அன்னிக்குக் கசந்தது ஏன்? அம்மா சாயங்காலமே ஒரு குண்டான் காபி கலந்து, சின்னத் தீயில் வைத்திருந்தார். நானும் பால் இல்லாமல் மூன்று மணி நேரம் அப்படியே வைத்தேன். சுண்டினால் கசப்பு ஏறும் என்பதால், குண்டானில் கோடு போட்டு, குறையக் குறையத் தண்ணீர் சேர்த்தேன். இதையும் புதுக் காபியையும் 50 டிகிரியில் கொடுத்ததும் மூன்று பேரும் உடனே கண்டுபிடித்துவிட்டார்கள். நேரமாக ஆக வாசனை பறந்து, காபியில் அமிலம் கூடுகிறது என்று டீச்சர் விளக்கினார்.

வர்ற பௌர்ணமிக்குப் பாலும் தண்ணியும் மட்டும்தான் அடுப்பில் இருக்கும். தூளை டம்ளரில் முன்னாடியே போட்டு வெச்சா பனியில் பிசுபிசுத்துடும். கேட்கும்போதுதான் போடணும். கூட்டத்தில் முடியுமான்னு அம்மாவுக்குக் கவலை. ஸ்பூனை நான் பிடிச்சுக்கிறேன்னு சொல்லியிருக்கேன்.