புறம்போக்கும் பூட்டிய கேட்டும்

ஒத்தக்கடை,
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள மாப்பிள்ளைக்கு மாமா எழுதுவது.

நீ வாட்ஸ்அப்பில் அனுப்பிய படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தேன். கம்பிவேலி தெரிகிறது. உள்ளே கார் நிற்கிறது, ஓரமாக வாழை நட்டிருக்கிறார்கள், கேட்டில் பூட்டுத் தொங்குகிறது. அது யார் நிலம் என்பது மட்டும் எந்தப் படத்திலும் தெரியவில்லை. "அதிகாரி கண்மாய்ப் புறம்போக்கை வளைச்சுப் போட்டுட்டார் மாமா, நாளைக்கே செய்தி கொடுக்கப் போறேன்" என்று கீழே எழுதியிருந்தாய். போனில் பேசினால் குறுக்கே குறுக்கே பேசுவாய், அதனால்தான் கடிதம். நாளைக்கே கொடுக்காதே.

கொடுக்கவே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. சர்வே சங்கிலி பிடித்தே வேலையை முடித்தவன் நான். அரசு நிலம் ஒருத்தர் வீட்டுத் தோட்டமாகிற விதத்தை உள்ளேயிருந்து பார்த்திருக்கிறேன். யாரும் ராத்திரியோடு ராத்திரியாக எல்லைக்கல்லைப் பிடுங்குவதில்லை. முதலில் வீட்டை ஒட்டி நாலு செடி வைப்பார்கள். ஆடு மேய்கிறதென்று ஒரு முள்வேலி வரும். முள் மக்கிப்போச்சென்று கம்பிவேலி வரும், அதற்கு ஆள் ஆபீசிலிருந்தே வருவான். பிறகு கேட், அப்புறம் பூட்டு. பூட்டு விழுகிற அன்றைக்குத்தான் ஊர்க்காரன் தலை நிமிர்ந்து பார்க்கிறான். அதற்குள் கிராம நிர்வாக அலுவலர் மாறியிருப்பார், வருவாய் ஆய்வாளர் மாறியிருப்பார், பழைய பாதை எது என்று சொல்ல ஆபீசில் ஆளிருக்காது.

பொது இடம் ஒருத்தருடையதாக வேலிகூட வேண்டியதில்லை. 2022 மே மாதம் டெல்லி தியாகராஜ் ஸ்டேடியத்தில் நடந்ததை நீ படித்திருப்பாய். தடகளப் பிள்ளைகள் பயிற்சி எடுக்கிற அரசு மைதானம். சாயங்காலம் ஆறரை மணிக்குக் காவலாளிகள் விசில் ஊதி எல்லாரையும் கிளப்பி, ஏழு மணிக்குள் காலி பண்ணிவிடுவார்கள். அரை மணி நேரம் கழித்து அப்போதைய வருவாய்த் துறை முதன்மைச் செயலர் சஞ்சீவ் கிர்வார் நாயைக் கூட்டிக்கொண்டு நடக்க வருவார். இந்தியன் எக்ஸ்பிரஸ் இதை எழுதியது. அவர் மறுத்தார், எப்போதாவது வருவேன், யாரையும் போகச் சொன்னதில்லை என்றார். செய்தி வந்த அன்றைக்கே அவரை லடாக்குக்கும், ஐ.ஏ.எஸ். அதிகாரியான அவர் மனைவியை அருணாசலத்துக்கும் மாற்றினார்கள். மைதானங்களை ராத்திரி பத்து மணிவரை திறந்து வைக்கச் சொல்லி டெல்லி அரசு உத்தரவு போட்டது. (தப்புப் பண்ணினவரை லடாக்குக்கு அனுப்பினால் லடாக் சனம் என்ன பாவம் பண்ணியது என்பது வேறு கேள்வி.)

அந்த நிருபர் என்ன செய்தார் என்று பார். ஒரு படத்தை எடுத்துக்கொண்டு ஓடவில்லை. ஒரு வாரத்துக்குள் மூன்று சாயங்காலம் அங்கே போய் நின்றார். முன்னால் எட்டு, எட்டரை வரை பயிற்சி கொடுத்தோம் என்று கோச் சொன்னதைக் கேட்டு எழுதினார். அந்தச் செய்தியில் நாய் ஓரத்தில்தான் நிற்கிறது. விசில் சத்தம் கேட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்புகிற பிள்ளைகள்தான் நடுவில். அதனால்தான் ஒரே நாளில் நாடே பேசியது.

உன் படங்களில் ஒரு ஆள்கூட இல்லை, மாப்ள. அந்த இடத்திலிருந்து வெளியே போனது யார் என்று முதலில் கண்டுபிடி. வேலிக்கு முன்னால் அந்த வழியாகக் கண்மாய்க்கு ஆடு ஓட்டிப் போனவர் யார், களமாக வைத்து நெல் காயப்போட்டவர்கள் யார், பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் எந்தப் பக்கம் சுற்றிப் போகிறார்கள்? காலையில் பால்காரர் போகிற நேரம் ஒரு தடவை போ, சாயங்காலம் மாடு திரும்புகிற நேரம் ஒரு தடவை போ. மத்தியானம் போனால் கேட்டும் பூட்டும்தான் இருக்கும். உன்னிடம் பேசுகிறவர்கள் பெயரைப் போடுவதற்கு முன் ரெண்டு தடவை யோசி. நீ எழுதிவிட்டு மாட்டுத்தாவணிக்குப் பஸ் ஏறிவிடுவாய், அவர்கள் மறுநாளும் அந்த வேலியைத் தாண்டித்தான் ரேஷன் கடைக்குப் போகவேண்டும்.

யானைமலையைச் சிற்ப நகரமாக்கப் போவதாக 2010-ல் பேச்சு வந்தபோது நம்ம ஊர்ச் சனம் திரண்டு எதிர்த்ததே, ஞாபகம் இருக்கும். போகப்போவது மலை என்று எல்லாருக்கும் கண்ணுக்குத் தெரிந்தது. பன்னிரண்டடி வண்டிப்பாதை போனால் யாருக்கும் தெரியாது. அதற்காகத்தான் உள்ளூர் நிருபர் வேண்டியிருக்கிறது.

இனி நிலத்துக்கு வருவோம். பத்திரத்தைக் கேட்டு அலையாதே, முதலில் சர்வே எண்ணைப் பிடி. அந்த எண்ணுக்கு அ-பதிவேடு பார், அதில் வகைப்பாடு இருக்கும். கண்மாயா, வண்டிப்பாதையா, களமா, மந்தையா, தீர்வை ஏற்படாத தரிசா என்று. கம்ப்யூட்டரிலேயே பார்க்கலாம், காசு கிடையாது. அதோடு நில்லாமல் புலப்பட நகலும் வாங்கு. எஃப்.எம்.பி. என்று கேட்டால் கொடுப்பார்கள். பக்கத்துப் பட்டா எங்கே முடிகிறது, பாதை எங்கே தொடங்குகிறது என்பதை அதுதான் சொல்லும். பிறகு தரையில் கல்லைத் தேடு. பழைய கல்லென்றால் மண்ணுக்குள் இருந்த பாகத்துக்கும் வெயில் பட்ட பாகத்துக்கும் நிறமே வேறாக இருக்கும். பிடுங்கித் தள்ளி நட்ட கல்லில் அந்தக் கோடு தரைமட்டத்தில் நிற்காது, மேலேயோ கீழேயோ போயிருக்கும். கல்லே காணோம் என்றால் அதையும் குறித்துக்கொள்.

இன்னொரு விஷயமும் கவனி. 1980-களில் நிலப் பதிவேடுகளைப் புதுப்பிக்கும் யு.டி.ஆர். நடந்தபோது பட்டா நிலம் புறம்போக்காகவும் புறம்போக்கு பட்டாவாகவும் தப்பாக ஏறியது எத்தனையோ உண்டு. அவர் கையில் ஒரு பழைய பத்திரம் இருந்து, தாத்தா காலத்துப் பட்டா யு.டி.ஆரில் விடுபட்டது என்று மேல்முறையீடு போட்டிருந்தால் உன் செய்தி மறுநாளே நொண்டும். வில்லங்கச் சான்றும் போட்டுப் பார்த்துவிடு.

இதையெல்லாம் முடித்த பிறகு ஒரே ஒரு கேள்வியோடு தாலுகா ஆபீசுக்குப் போ. பி-மெமோ போட்டிருக்கிறீர்களா? அரசு நிலத்தில் யார் குந்தினாலும் கிராமக் கணக்கில் பி-மெமோ ஏறவேண்டும், 1905-ஆம் வருஷத்து நில ஆக்கிரமிப்புச் சட்டப்படி ஏழாம் பிரிவு நோட்டீஸ் போகவேண்டும், பிறகு ஆறாம் பிரிவில் அகற்ற வேண்டும். அதே கண்மாய்க் கரையில் தகரக் கொட்டகை போட்டு இட்லிக்கடை நடத்துகிற அம்மாவுக்கு வருஷா வருஷம் பி-மெமோ வந்திருக்கும். இந்தக் கம்பிவேலிக்கு வந்திருக்கிறதா? ஒரே சர்வே எண், ரெண்டு நடைமுறை என்றால் நீ ஒரு அடைமொழியும் சேர்க்க வேண்டியதில்லை, ரெண்டு வரியில் செய்தி முடிந்துவிடும். வருஷாந்திரக் கணக்குத் தணிக்கையான ஜமாபந்தி சமயத்தில் கிராமக் கணக்குகளை மேஜையில் பரப்பி வைத்திருப்பார்கள், ஓரமாகப் போய் உட்கார். ஆறு மாதம் அலைந்து கிடைக்காதது அன்றைக்குக் காதில் விழும்.

ஆர்.டி.ஐ. போடுவதாகச் சொன்னாய். போடு, பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டினால் போதும், முப்பது நாளில் பதில் தரவேண்டும். ஆனால் அதிகாரி பெயரைப் போட்டு "இவருடைய சொத்து விவரம்" என்று கேட்காதே. டிஜிட்டல் தனிநபர் தரவுச் சட்டத்தால் வந்த திருத்தம் 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்தபிறகு, தனிநபர் தகவல் என்ற ஒரு காரணத்தைச் சொல்லியே மனுவைத் திருப்பிவிட முடிகிறது. நிலத்தைக் கேள். இந்தச் சர்வே எண்ணின் வகைப்பாடு என்ன, குத்தகையோ ஒப்படையோ கொடுத்ததா, வேலி போட்ட செலவு எந்தத் தலைப்பில், பி-மெமோ பதிவேட்டைப் பார்வையிட அனுமதி வேண்டும். நிலத்துக்கு அந்தரங்கம் கிடையாது. வீட்டுவசதி வாரிய மனைகள் அரசு விருப்புரிமை ஒதுக்கீட்டில் அதிகாரிகளுக்கும் பெரிய இடத்துச் சொந்தங்களுக்கும் போனது வெளியே வந்ததும் ஆர்.டி.ஐ.யில் பட்டியலைக் கேட்டு வாங்கித்தான்.

அவர் குடும்பத்தைத் தொடாதே. மகள் எங்கே படிக்கிறாள், மனைவி என்ன வண்டி ஓட்டுகிறார், இதெல்லாம் உனக்கு வேண்டாம். நக்கீரன் கோபால் தூக்குத் தண்டனைக் கைதி ஆட்டோ சங்கரின் சுயசரிதையை வெளியிடப் போய், சிறைத்துறை தடுக்கப் பார்த்து, அந்த வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 1994 அக்டோபரில் வந்த தீர்ப்பு இன்றைக்கும் நம்ம ஆட்களுக்குக் கவசம். பொது ஆவணத்தில் உள்ளதை வெளியிடலாம், அதிகாரி தன் கடமையைச் செய்கிற விதம் பற்றி எழுதினால் அந்தரங்கம் என்று அவர் தடுக்க முடியாது, நிருபர் நியாயமாகச் சரிபார்த்திருந்தால் நஷ்டஈடும் கேட்க முடியாது. வீடு, கல்யாணம், பிள்ளைகள் தனி. கிரிமினல் அவதூறு வழக்கும் தனி, அது இன்னும் சட்டத்தில் இருக்கிறது. பத்திரிகைகள்மீது தமிழக அரசு போட்ட அவதூறு வழக்குகள் பலவற்றை 2020 மே மாதம் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. அதுவரை வருஷக்கணக்கில் கோர்ட் படி ஏறி இறங்கியது பத்திரிகைக்காரர்கள்தானே?

அதனால் "ஊழல்", "குற்றம்" என்று தலைப்பில் கத்தாதே. முதல்வராக இருந்த ஜெயலலிதா பங்குதாரராக இருந்த நிறுவனம் 1992-ல் அரசு நிறுவனமான டான்சியின் நிலத்தை வாங்கிய வழக்கை நினைத்துப் பார். 2003 நவம்பரில் உச்ச நீதிமன்றம் விடுதலையை உறுதிப்படுத்தியது. அதே தீர்ப்பில், நிலத்தைத் திருப்பிக் கொடுத்து மனசாட்சிக்குப் பதில் சொல்லவும் சொன்னது. சட்டப்படி குற்றம் ஆகாதது எல்லாம் சரியாகிவிடாது என்று நீதிபதிகளே எழுதிவைத்த ஊர் இது. இவர் வேலி போட்டிருக்கிறார், பதிவேட்டில் அது இன்ன வகைப்பாடு, நோட்டீஸ் போனதா இல்லையா. இவ்வளவுதான் உன் வேலை. பெயர் வைக்கிற வேலையைப் படிக்கிறவனிடம் விடு.

மேலூர்ப் பக்கம் கிரானைட் விவகாரம் வெடித்தபோது நீ சின்னப் பையன். 2010 ஜூலையில் குவாரிகளைப் பற்றி எழுதிய தினபூமி ஆசிரியர் மணிமாறனையும் அவர் மகனையும் போலீஸ் கைது செய்தது. ரெண்டு வருஷம் கழித்து, கலெக்டர் சகாயம் 2012 மே மாதம் அரசுக்கு எழுதிய கடிதம் பத்திரிகைகளுக்கு வந்து, 16,338 கோடி ரூபாய் இழப்பு என்ற எண் எல்லார் வாயிலும் அடிபட்ட பிறகுதான் ரெய்டு நடந்தது. கண்மாய் போச்சு, வாய்க்கால் போச்சு என்று அதற்கு முன் சனம் சொல்லாமலா இருந்தது? ஆனால் அனுமதி கொடுத்த அளவு எவ்வளவு, வெட்டியது எவ்வளவு என்று அளந்து எழுதின தாளுக்குத்தான் கோட்டை அசைந்தது. முதலில் எழுதியவர் ஜெயிலைப் பார்த்தார் என்பதையும் சேர்த்தே உனக்குச் சொல்கிறேன். உன் அம்மாவிடம் இதைப் படித்துக் காட்டாதே.

ஒன்று கேட்கிறேன், கோபப்படாதே. உங்கள் நிருபர்கள் சங்கத்தில் சலுகை விலையில் வீட்டுமனை கேட்டு மனு கொடுக்கிறார்களாமே, நீயும் கையெழுத்துப் போட்டாயா? ஹைதராபாத்தில் எம்.பி., எம்.எல்.ஏ., அதிகாரி, நீதிபதி, பத்திரிகையாளர் என்று எல்லாருடைய சொசைட்டிக்கும் அரசு நிலத்தைச் சலுகை விலையில் கொடுத்த ஆணைகளை 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. அந்த வரிசையில் அதிகாரியும் நிருபரும் தோளோடு தோள் நின்றார்கள் பார்த்தாயா? வாடகை வீட்டில் இருக்கிற நிருபருக்கு மனை கேட்க உரிமை இல்லையா என்பாய். இருக்கலாம். ஆனால் மனுவைக் கையில் வைத்துக்கொண்டு அவர் வேலியைப் பற்றி எழுதாதே, மனுவைத் திரும்ப வாங்கிக்கொண்டு எழுது. வண்டியில் ஒட்டியிருக்கிற பிரஸ் ஸ்டிக்கரையும் கிழித்துவிடு. நோ பார்க்கிங்கில் நிறுத்த அது உதவுகிறது என்று நீயே சிரித்தாயே, அந்த ரோடும் பொது நிலந்தான்.

எழுதுமுன் அவரிடம் கேள். போனில் மடக்கிக் கேட்டு ரெக்கார்ட் பண்ணுகிற வேலை வேண்டாம். கேள்விகளைத் தாளில் எழுதிக் கொடு, ரெண்டு நாள் அவகாசம் கொடு, அவர் சொல்வதை வெட்டாமல் போடு. பட்டா காட்டினால் அதையும் போடு. செய்தி வந்து கேட்டைத் திறந்துவிட்டால் அதோடு விட்டுவிடாதே, ஒரு மாதம் கழித்து அதே பால்கார நேரத்துக்குப் போய்ப் பார். அநேகமாக மறுபடி பூட்டுத் தொங்கும். ரெண்டாவது செய்திக்குத்தான் இவர்கள் உண்மையில் பயப்படுவார்கள்.

சனிக்கிழமை காலையில் புலப்பட நகலோடு வா. ஐம்பது மீட்டர் டேப் நம்ம வீட்டில் இருக்கிறது, பாதையின் அகலத்தை ரோட்டில் நின்றே அளந்து பார்க்கலாம். நாம் அளப்பது செய்தியில் போடுவதற்கு இல்லை, தாலுகா ஆபீசில் என்ன கேட்பதென்று தெரிந்துகொள்ளத்தான். வேலிக்குள் மட்டும் கால் வைக்காதே, அத்துமீறி நுழைந்தாய் என்று உன்மேல் கேஸ் போட அந்த ஒரு அடி போதும்.

இப்படிக்கு,
மாமா