பாய் நனைந்தால் பிள்ளையை அடிக்காதீங்க



போன மாதம் திருவொற்றியூரில் கூட்டம் முடிந்து, எல்லோரும் தீர்மான நோட்டில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தோம். ஒரு உறுப்பினர் மட்டும் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "எம்புள்ளைக்கு ஏழு வயசு ஆவுதுக்கா. இன்னும் ராத்திரியில பாயிலயே போயிடறான். நேத்து கரண்டியக் காயவச்சி சூடு போட அடுப்புக்கிட்டயே போயிட்டேன்" என்று சொல்லி அழுதார். ஒரே அறையில் ஐந்து பேர் படுக்கும் வீடு. துவைக்கக் குடம் குடமாகத் தண்ணீர் பிடிக்க வேண்டும். அவர் கோபம் எனக்குப் புரியாமல் இல்லை. என் மூத்தவனை நானும் இதற்காக அடித்தவள்தான். அடித்த மறுநாளும் பாய் நனைந்தது.

பிள்ளை இதை வேண்டுமென்று செய்வதில்லை. தூங்கும்போது சிறுநீரைக் குறைக்கும் ஒரு ஹார்மோன் உடம்பில் சுரக்கிறது. சில குழந்தைகளுக்கு அது போதிய அளவு சுரக்க நாளாகும். சிலருக்கு மூத்திரப்பை நிரம்பினாலும் தூக்கம் கலையாது. 5 வயதில் 100 குழந்தைகளில் சுமார் 15 பேருக்கு இது உண்டு. 10 வயதில் சுமார் 5 பேருக்கு இருக்கும். 5 வயதுக்குள் வைத்தியமே தேவையில்லை. அப்பா, அம்மா இரண்டு பேருக்கும் சின்ன வயதில் இருந்திருந்தால், பிள்ளைக்கு வர நாலில் மூணு பங்கு வாய்ப்பு. மாமியாரைக் கேட்டுப் பாருங்கள், வீட்டுக்காரர் கதை வெளியே வரும்!

நம் பிள்ளைகளிடம் ஒரு பழக்கம் உண்டு. பள்ளிக்கூடக் கழிவறை பிடிக்காமல் பகலெல்லாம் தண்ணீர் குடிக்க மாட்டார்கள், ஒண்ணுக்கும் அடக்கி வைப்பார்கள். சாயங்காலம் வந்து சொம்பு சொம்பாகக் குடிப்பார்கள். இதைத் தலைகீழாக மாற்றுங்கள். பகலில் நிறையத் தண்ணீர், படுப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பிருந்து கொஞ்சமாக. இரவில் டீ, காபி, கலர் வேண்டாம். படுக்கும்முன் கட்டாயம் ஒண்ணுக்குப் போகவேண்டும். பொதுக் கழிப்பறை தூரமாக இருந்தால், இருட்டில் பிள்ளை எழுந்து போகாது. மூலையில் ஒரு வாளியும் சின்ன லைட்டும் வையுங்கள். பாய்மேல் பிளாஸ்டிக் ஷீட், அதன்மேல் பழைய புடவை விரித்தால் துவைக்கும் பாரம் பாதி குறையும். மலச்சிக்கலையும் கவனியுங்கள். குடல் நிறைந்து மூத்திரப்பையை அழுத்துவதும் ஒரு காரணம்.

ஆறு மாதத்துக்கு மேல் நின்றிருந்தது திடீரென்று திரும்பினால் அது வேறு விஷயம். பெரிய பயம் காரணமாகலாம். 2004 டிசம்பர் 26 சுனாமியும், 2023-இல் அதே தேதி நள்ளிரவில் பெரியகுப்பத்தில் அம்மோனியா கசிந்து பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடியதும் நமக்கு மறக்காது. வீட்டில் சண்டை, புதுப் பாப்பா, பள்ளியில் அடி இவையும் காரணமாகலாம். யாராவது தப்பாகத் தொட்டிருக்கலாம். மிரட்டாமல் பேசிப் பாருங்கள். உதவிக்கு 1098 இருக்கிறது.

அதோடு அதிக தாகமும் உடம்பு இளைப்பதும் சேர்ந்தால் சர்க்கரை நோயாக இருக்கலாம், அன்றைக்கே ஆஸ்பத்திரி போங்கள். எரிச்சல், காய்ச்சல், பகலிலும் சொட்டுவது, பெரிய குறட்டை இருந்தாலும் டாக்டரைப் பார்க்கவேண்டும். ஸ்டான்லியிலும் எழும்பூர் குழந்தைகள் ஆஸ்பத்திரியிலும் குழந்தை மருத்துவர்கள் உண்டு. எந்தெந்த நாள் நனைந்தது என்று இரண்டு வாரம் காலண்டரில் குறித்து எடுத்துப் போங்கள். நனைந்ததும் மணியடிக்கும் ஒரு கருவி இருக்கிறது, இரண்டு மூன்று மாதம் விடாமல் வைத்தால் பலருக்கு நிற்கிறது. டெஸ்மோப்ரெஸ்ஸின் என்ற மாத்திரையும் உண்டு. அதைப் போட்ட இரவு தண்ணீர் அதிகம் குடித்தால் ஆபத்து. டாக்டர் எழுதாமல் கடையில் வாங்கவே கூடாது.

அந்த உறுப்பினர் பையனைக் காட்டினார். டாக்டர் வயிற்றை அழுத்திப் பார்த்து, முதலில் மலச்சிக்கலுக்கு மருந்து கொடுத்தார். இந்த வாரம் ஏழில் மூன்று நாள் பாய் நனையவில்லை. மற்ற நாலு நாளும் நனைந்தது. "கரண்டி குழம்புலதான் இருக்குக்கா" என்று சிரிக்கிறார்.